‘கவனக்குறைவு’ என்ற பழி யாருக்கு?

பெங்களூரில் ஒரு கட்டிடத் தொழிலாளி கரண்ட் அடித்துச் செத்தால், மறுநாள் பத்திரிகையில் நாலு வரி வரும். ஊர் பெயர் இருக்கும், வயது இருக்கும், கூடவே ‘கவனக்குறைவு’ என்ற ஒரு சொல்லும் இருக்கும். கான்ட்ராக்டர் அதையே சொல்கிறார். ஸ்டேஷனில் அதையே எழுதிக்கொள்கிறார்கள். பிணத்தை வேனில் ஏற்றி திருவண்ணாமலைக்கோ தர்மபுரிக்கோ அனுப்பி வைக்கும் மேஸ்திரியும் அதையே சொல்லித் தலையை ஆட்டுகிறார். செத்தவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை என்ற தைரியம் அவர்களுக்கு.

இந்தச் சொல்லை நாம் ஏற்க முடியாது. ஏன் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

கவனக்குறைவு என்று சொல்ல வேண்டுமானால், முதலில் கவனமாக இருப்பது எப்படி என்று ஒருவர் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். நம் வேலைத்தளங்களைப் பாருங்கள். கம்பத்திலிருந்து ஒரு தற்காலிக இணைப்பு. அதிலிருந்து மண்ணிலும் சேற்றிலும் இழுத்துக் கிடக்கும் ஒயர். பிளக் கிடையாது, ஒயரின் நுனியைச் சீவி, ஓட்டையில் செருகி, தீக்குச்சியை வைத்து இறுக்கியிருப்பார்கள். மூன்று ஒயர் வர வேண்டிய இடத்தில் இரண்டுதான் வரும். எர்த் ஒயரை முதலிலேயே வெட்டி எறிந்தாகிவிட்டது. அந்த இணைப்பில் ஓடும் வைப்ரேட்டரைப் பிடித்துக்கொண்டு ஒருவன் ஈரக் கான்கிரீட்டில் வெறுங்காலோடு நிற்கிறான். நேற்று வரை கிராமத்தில் ஏர் பிடித்தவன் அவன். அவனுக்கு யார், எந்த நாளில், எத்தனை நிமிஷம் பாடம் சொன்னார்கள்? ஒரு நிமிஷம்கூட இல்லை. அவன் செத்ததும் மட்டும் ‘கவனமாக இருந்திருக்க வேண்டும்’ என்கிறார்கள்.

மின்சாரம் எவ்வளவு குறைந்த அளவில் ஆளைக் கொல்லும் என்பதை நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு 40 வாட் குண்டு பல்பு எரிய ஓடும் மின்சாரம் சுமார் 170 மில்லி ஆம்பியர். மனித உடலில் 10 மில்லி ஆம்பியர் அளவு பாய்ந்தாலே கைத்தசை இறுகிவிடும். பிடித்த ஒயரை விட முடியாது. 30-ஐத் தாண்டி நீடித்தால் மூச்சும் இருதயமும் ஆபத்தில். ஈரக் கையோடு 230 வோல்ட்டைத் தொட்டால் 200 மில்லி ஆம்பியருக்கு மேலும் பாயலாம். ஆக, ஒரு பல்புக்குப் போதாத மின்சாரம் ஒரு குடும்பத்தை அணைத்துவிடப் போதும். இதில் கவனத்துக்கு ஏது அவகாசம்? கண் இமைப்பதற்குள் முடிந்துபோகும் விஷயம் இது.

இதைத் தடுக்கக் கருவி இல்லையா? இருக்கிறது. ஆர்.சி.சி.பி. என்பார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் தானாக மின்சாரத்தை வெட்டிவிடும் சுவிட்ச். விலை இரண்டு மூன்று ஆயிரம் ரூபாய்க்குள். கோடிக்கணக்கில் விலை போகும் அபார்ட்மென்ட் கட்டும் இடத்தில் அதை வைக்க மனமில்லை. கட்டி முடித்து, குடி வருகிறவர்களின் வீட்டில் மட்டும் தவறாமல் வைக்கிறார்கள். அங்கே வாழப்போகிறவனின் உயிருக்கு விலை உண்டு. கட்டியவனின் உயிருக்கு இல்லை என்பதுதானே இதன் பொருள்?

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். சட்டத்துக்குக் குறைவே இல்லை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010-லும், அதை மாற்றி மீண்டும் 2023-லும் வெளியிட்ட பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. மின் இணைப்பு வேலையை லைசென்ஸ் பெற்றவர்தான், தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். லைனில் வேலை செய்பவருக்குக் கையுறை, ரப்பர் செருப்பு, பெல்ட், ஹெல்மெட், டெஸ்டர், எர்த் செய்யும் கருவி எல்லாம் கொடுக்க வேண்டும். விபத்து நடந்து உயிர் போனால் 24 மணி நேரத்துக்குள் மின் ஆய்வாளருக்குத் தகவல், 48 மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் அறிக்கை. மொட்டை மாடிக்கும் 11 ஆயிரம் வோல்ட் கம்பிக்கும் நடுவே மேல்வாக்கில் 3.7 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். பெங்களூரின் நெருக்கமான தெருக்களில் இந்த இடைவெளியை ஒரு முழக்கோல் கொண்டு அளந்து பாருங்கள்! பால்கனியிலிருந்து கை நீட்டினால் கம்பி. அந்த மாடிக்குத்தான் நம் ஆட்கள் 12 மீட்டர் இரும்புக் கம்பியைத் தோளில் சுமந்து ஏறுகிறார்கள். கம்பியின் ஒரு முனை அவர்கள் கண்ணில் இருக்கும். மறுமுனை எங்கே ஆடுகிறது என்று யாருக்குத் தெரியும்?

உயரமான பொருள் லைனில் உரசினால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்தது. 2022 ஏப்ரல் 27-ல் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உரசி 11 பேர் மாண்டார்கள். 2024 ஜனவரியில் கதக் மாவட்டத்தில் நடிகரின் பிறந்தநாளுக்குக் கட்-அவுட் நிறுத்திய மூன்று இளைஞர்கள் போனார்கள். தேரும் கட்-அவுட்டும் ஆண்டுக்கு ஒருநாள் எழுகின்றன. சாரக் கம்பும் இரும்புக் கம்பியும் தினம் எழுகின்றன. நம் நாட்டில் ஆண்டுதோறும் மின்சாரம் பாய்ந்து 10,000 பேருக்கு மேல் சாகிறார்கள் என்று அரசின் கணக்கே சொல்கிறது. இத்தனை ஆயிரம் பேருமா கவனக்குறைவுக்காரர்கள்?

இந்த நகரில் 2023 நவம்பர் 19 விடியற்காலை நடந்ததை மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய ஒரு குடும்பம் வொயிட்ஃபீல்டு ஹோப் ஃபார்ம் சந்திப்பில் நடந்து வந்தது. நடைபாதையில் அறுந்து கிடந்த 11 ஆயிரம் வோல்ட் கம்பியில் கால் பட்டு, இளம் தாயும் அவள் கையிலிருந்த ஒன்பது மாதக் குழந்தையும் கருகினார்கள். காப்பாற்றப் போன கணவனுக்கும் காயம். பெஸ்காம் ஊழியர்கள் சிலர் கைதானார்கள். பிறகு வந்த விளக்கம் என்ன தெரியுமா? எலி கடித்ததால் கம்பி அறுந்ததாம்!

எலி கடித்ததாகவே இருக்கட்டும். அறுந்து தரையில் விழுந்த கம்பியில் மின்சாரம் தானாக நின்றிருக்க வேண்டும். துணை மின்நிலையத்தில் பாதுகாப்புக் கருவி வைப்பதே அதற்காகத்தான். அந்தக் கேள்விக்கு எலி பதில் சொல்லுமா? நாம் கவனிக்க வேண்டிய வேடிக்கை இதுதான்: தெருவில் நடந்தவர் செத்தால் குற்றவாளி எலி, வேலைத்தளத்தில் தொழிலாளி செத்தால் குற்றவாளி தொழிலாளியே. நிர்வாகம் எப்போதும் உத்தமன்.

எங்களில் சிலர் ரயில்வேயில் பேனா பிடிப்பவர்கள். தண்டவாளத்துக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். அதற்கு 2 மீட்டருக்குள் வேலை என்றால் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தியதை உறுதி செய்து, வேலை நடக்கும் இடத்துக்கு இருபுறமும் எர்த் கொடுத்து, எழுத்து மூலம் அனுமதித் தாள் வாங்கிய பிறகே கை வைக்கலாம். வேலை முடிந்து ஆட்கள் எல்லோரும் விலகியபின் தாளைத் திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடி மின்சாரம். ஏன் இத்தனை கெடுபிடி? மனிதன் களைத்துப் போவான், மறந்து போவான், ஒருநாள் கவனம் தவறுவான் என்று தெரிந்தே எழுதப்பட்ட விதி அது. பாதுகாப்பு விதி என்பதன் சாரமே அதுதான். கவனம் தவறினாலும் உயிர் தப்ப வேண்டும் என்பதற்காக விதி. அந்த விதியை மீறியவன் கவனக்குறைவைக் காரணம் காட்டுவது, குடையைப் பிடுங்கிக்கொண்டு ‘ஏன் நனைந்தாய்’ என்று கேட்பதற்குச் சமம்.

முதலாளிமார் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: ‘கையுறை கொடுத்தாலும் இவர்கள் போடுவதில்லை.’ கிழிந்த கையுறையை, பத்துப் பேருக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டு, பீஸ் கணக்கில் கூலி பேசினால் எவன் போடுவான்? அதைப் போட்டால் வேலை மெதுவாகிறது, கூலி குறைகிறது. கூலி முறை ஒருபக்கம் அவசரப்படுத்துகிறது. பாதுகாப்புப் பலகை மறுபக்கம் ‘நிதானம்’ என்கிறது. நடுவில் சாகிறவன் நாம்.

இன்னொரு சமாதானம் பாஷை: ‘சொன்னால் இவர்களுக்குப் புரிவதில்லை.’ விதிப்படி எச்சரிக்கைப் பலகையிலும், ஷாக் அடித்தவருக்குச் செய்ய வேண்டிய முதலுதவி அறிவிப்பிலும் அந்த மாவட்டத்தின் மொழி இருக்க வேண்டும். கன்னடம் இருப்பது நியாயம். இது கன்னட நாடு, இந்த மண்ணின் சோற்றைத் தின்கிறோம். நம் பிள்ளைகள் கன்னடம் எழுதப் படிக்கக் கற்பதும் அவசியம். ஆனால் ஒரு பீகார்க்காரன், ஒரு ஒடிசாக்காரன், ஒரு தமிழன் மூவரையும் அழைத்து வந்து வேலை வாங்குகிறவன், கூலியைக் குறைத்துப் பேச மட்டும் அவரவர் மொழியில் ஆள் வைத்திருக்கிறானே! அதே ஆளைக் கொண்டு பத்து நிமிஷம் மின்சார ஆபத்தைச் சொல்லக் கூடாதா? லைனில் ஏறிச் சாகும் ஒப்பந்தத் தொழிலாளிகளில் கன்னடத் தோழர்கள் எத்தனையோ பேர். கரண்ட் ஜாதி பார்ப்பதில்லை, பாஷை பார்ப்பதில்லை. இதைத் தமிழன் - கன்னடன் சண்டையாக்குகிறவன் இரு தரப்புக்கும் துரோகி.

நம்மவர்களையும் விடக் கூடாது. ஆள் கூட்டி வருகிற மேஸ்திரி பெரும்பாலும் நம் ஊர்க்காரர். ‘மாமா’, ‘அண்ணன்’ என்று கூப்பிடுகிறோம். தகர ஷெட்டில் கொக்கி போட்டு இழுத்த ஒயரில் குடும்பங்களைக் குடிவைப்பவர் அவர்தான். ஒயர் உரசினால் தகரம் முழுவதும் கரண்ட். தூளியில் தூங்கும் குழந்தைக்கும் அந்தச் சுவருக்கும் எத்தனை தூரம்? உறவுமுறை சொல்லி அழைப்பவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

சட்டம் வேறொரு பக்கம் சுருங்குகிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், மின்சாரம் கொண்டு இயங்கும் பட்டறையில் 10 பேர் இருந்தால் அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்பில் அது 20 ஆகிவிட்டது. வெளிமாநிலத் தொழிலாளர் பாதுகாப்பு 5 பேர் என்று இருந்தது 10 ஆனது. ஒப்பந்தத் தொழிலாளர் விஷயத்தில் 20 என்று இருந்தது 50 ஆனது. பீன்யாவின் சின்னச் சின்னப் பட்டறைகளில் இதனால் கணக்கிலிருந்து தப்புகிறவர்கள் யார் என்று யோசியுங்கள்.

ஆனாலும் அதே தொகுப்பில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு. பயிற்சி தருவது முதலாளியின் கடமை. பாதுகாப்புச் சாமானுக்காகக் கூலியில் ஒரு காசு பிடிக்கக் கூடாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால், அதை முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. ஏட்டில் உள்ள உரிமை, கேட்கிறவன் இல்லாவிட்டால் ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. தற்காலிக இணைப்பு ஒவ்வொன்றிலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., எர்த், ஒழுங்கான பிளக். வேலைக்குச் சேரும் முதல் நாளே, கூலியோடு, தொழிலாளியின் மொழியில் மின் பாதுகாப்புப் பயிற்சி. லைனுக்கு அருகில் வேலை என்றால் எழுத்து மூலம் அறிவித்து மின்சாரத்தை நிறுத்தியபின் வேலை. மின் ஆய்வாளரின் விபத்து அறிக்கையின் நகல் இறந்தவர் குடும்பத்துக்கு.

கேட்பது கிடைக்கும் வரை நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ஷாக் அடித்தவரைக் கையால் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள், முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளுங்கள். அது வீட்டு இணைப்புக்கு மட்டும்; 11 ஆயிரம் வோல்ட் லைன் என்றால் கட்டையும் காப்பாற்றாது, கிட்டே போகாமல் விலகி நின்று 1912-க்குச் சொல்லுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தபடியே 112-ஐக் கூப்பிடுங்கள். வேலைத்தளத்தில் அறுந்த ஒயரைக் கண்டால் செல்போனில் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். நாளை சாட்சி அதுதான்.

கடைசியாக, தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. விபத்து நடந்த இரவில், ஆஸ்பத்திரி வராந்தாவில், காரியச் செலவுக்கு என்று ஒரு கட்டுப் பணத்தோடு ஒரு தாளும் நீட்டுவார்கள். அழுகிற நேரத்தில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அதில் அந்தச் சொல் இருக்கும்: ‘அவருடைய கவனக்குறைவால்.’ அதில் கையெழுத்து போட்டால் நஷ்டஈட்டு வழக்கின் இடுப்பெலும்பு அன்றே முறிந்துபோகும். கான்ட்ராக்டர் வைத்த ஆள் என்றாலும் மூல முதலாளியிடம் நஷ்டஈடு கேட்கலாம் என்பது 1923 முதல் இருந்துவரும் சட்ட நெறி. ஆகவே அந்தத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். ‘சங்கத்தாரைக் கூப்பிடுகிறோம், அவர்கள் படித்துச் சொல்லட்டும்’ என்று மட்டும் சொல்லுங்கள். எந்த இரவானாலும் நாங்கள் வருகிறோம்.