பாஸ்வேர்டு யார் கையில்?

ஆராய்ச்சிக்குக் காசு தருகிற அரசு அமைப்புகளெல்லாம் இன்றைக்கு ஒரே பல்லவியைப் பாடுகின்றன: எல்லாவற்றையும் கணினிக்கு மாற்று, அதற்கே முதலிடம். காகிதம் ஒழிந்தால் தாமதம் ஒழியுமாம், நடுவில் மனுசன் இல்லாவிட்டால் பாகுபாடும் ஒழியுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதலிடம் என்றால் எதற்கு முதலிடம், யாருடைய வேலை முதலில் திரைக்கு வந்தது என்பதுதான் என் கேள்வி.

பட்டியல் சாதி ஆய்வு மாணவர்களுக்கான தேசிய நிதிநல்கையை எடுத்துக்கொள்வோம். 2005-06இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கியது. ஆண்டுக்கு 2,000 பேர் என்று கணக்கு. 2023 ஜனவரி முதல் முதலிரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. சேரியிலிருந்து வருகிற பிள்ளைக்கு அறை வாடகை, புத்தகம், களப்பணிக்குப் போகும் பஸ் காசு, ஊரில் அம்மாவின் மருந்து எல்லாம் இதில்தான். அப்பன் வீட்டுச் சொத்தில் உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணுகிறவனுக்கு மூன்று மாதம் பணம் வராவிட்டால் எரிச்சல் வரும். நமக்குப் படிப்பே போகும்.

உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார் அம்பேத்கர். 1920இல்தான் மறுபடி போக முடிந்தது. 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத்தில் இறந்துபோன ரோகித் வெமுலா, தனக்கு வரவேண்டிய ஏழு மாத நிதிநல்கை 1,75,000 ரூபாய் பற்றித் தன் கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார். நிலுவை என்பது நமக்கு வெறும் கணக்குப்பிள்ளைச் சொல் இல்லை.

இந்தப் பணத்தை நேராக மாணவர் கணக்குக்கு அனுப்ப, யுஜிசி கனரா வங்கியோடு சேர்ந்து ஓர் இணைய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் மாணவர் ஆராய்ச்சியில் இருக்கிறார் என்று மாதாமாதம் கல்வி நிறுவனத்திலிருந்து ஒருவர் பதிய வேண்டும். அவருக்குப் பெயர் ‘மேக்கர்’. அதை இன்னொருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் ‘செக்கர்’. இருவரில் ஒருவர் பொத்தானை அமுக்காவிட்டாலும் காசு வராது. அதற்கு முன்னால் நெறியாளரிடமும் துறைத்தலைவரிடமும் கையெழுத்துக்கு நிற்பது பழையபடியே. மேசை கணினிக்குள் போயிருக்கிறது, சாவி அதே கையில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த தங்கச்சி ஒருத்தி, கூலிவேலை செய்கிறவர்களின் மகள். மேக்கர் மாற்றலாகிப் போனார், புது ஆளுக்குப் பாஸ்வேர்டு வரவில்லை. ஐந்து மாதம் காசு இல்லை. ஆபீசில் போய்க் கேட்டால், “சிஸ்டம்லயே அப்படித்தாம்மா காட்டுது, நாங்க என்ன பண்றது?” முன்னேயெல்லாம் “சார் லீவு” என்பார்கள். சார் மறுநாள் வருவார், வழிமறித்து நாலு வார்த்தை கேட்கலாம். சிஸ்டத்தை எங்கே போய் வழிமறிப்பது? அவள் வட்டிக்கு வாங்கிச் சாப்பிட்டாள். அந்த வட்டியை எந்தப் போர்ட்டலும் திருப்பித் தரவில்லை.

படிவத்தைப் பாருங்கள். சாதிப்பட்டம் வேண்டாமென்று இனிஷியலோடு நின்ற நாடு இது. திரையோ கடைசிப் பெயரைக் கேட்கிறது, போடாவிட்டால் நகரமாட்டேன் என்கிறது. அப்பன் பேரைப் போட்டு நிரப்பினால், மார்க் ஷீட்டோடு பொருந்தவில்லை என்று திருப்பி அடிக்கிறது. நம் பேரையே நாம் நிரூபிக்க அலைகிறோம்.

“அப்ப பழைய ஃபைலுக்கே போவமா?” என்று தோழர்கள் கேட்கிறார்கள். வேண்டாம். அந்த ஃபைல் நம்மை என்ன பாடு படுத்தியது என்று நமக்குத் தெரியும். கணினி வரட்டும், வரிசை மாறட்டும். இதுவரை விண்ணப்பிக்கிறவனை நிரூபிக்க வைக்கிற வேலைதான் முதலில் திரைக்கு வந்தது. இனி கையெழுத்துப் போடுகிறவரின் வேலை முதலில் வரட்டும். நம் விண்ணப்பம் எந்தப் பதவிக்காரரிடம் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டும். மாதம் ஐந்தாம் தேதிக்குள் பொத்தானை அமுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கொண்டு பணம் போக வேண்டும். மறுப்பவர் காரணத்தை எழுதி மறுக்கட்டும். தாமதத்துக்கு வட்டி வேண்டும். எந்த நிறுவனத்தில் எவ்வளவு நிலுவை என்று மாதாமாதம் வெளியிட வேண்டும். தகுதி, திறமை என்று பேசுகிற பொதுத் திட்ட நிதியிலும் யார் விண்ணப்பித்தார்கள், யாருக்குக் கிடைத்தது என்ற கணக்கைச் சமூகவாரியாகப் போட வேண்டும்.

இதற்குக் கோடிக்கணக்கில் புது மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. யார் எந்தத் தேதியில் பொத்தானை அமுக்கினார் என்பதைக் கணினி பதியத்தான் செய்கிறது. அதை வெளியே காட்ட மனசுதான் வேண்டும். எங்கள் சாதிச் சான்று, அப்பனின் வருமானம், கைரேகை எல்லாம் உங்கள் திரையில் இருக்கிறது. உங்கள் மேசையின் தேதிகளை எங்கள் திரைக்கு அனுப்புங்கள். பிறகு மாற்றம் என்று பேசுங்கள், கேட்கிறோம்.