சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் காப்பீடு இல்லை!

இந்தியாவில் விற்கப்படும் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில், எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்ற பட்டியல் ஒன்று இருக்கும். அதில் ஆறாவது குறியீடு உடல் பருமன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2019 செப்டம்பரில் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்துக் கொடுத்த வாசகம் அது. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டில் பணம் வேண்டுமென்றால் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும், சிகிச்சை மருத்துவ நெறிமுறைக்கு உட்பட்டிருக்க வேண்டும். இந்த மூன்றையும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வழக்கெல்லாம் நான்காவது நிபந்தனையோடுதான்.

பிஎம்ஐ என்கிற உடல் நிறை குறியெண் 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது அது. 35ஐத் தொட்டு, 40ஐ எட்டாதவர்களுக்கு நான்கு நோய்களில் ஒன்றாவது இருக்க வேண்டும்: பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு தடைபடுதல்), கட்டுக்கடங்காத டைப் 2 சர்க்கரை நோய். அதுவும் உணவுக் கட்டுப்பாடு போன்ற எளிய வழிகள் எல்லாம் தோற்ற பிறகு.

கிலோ கணக்கில் சொன்னால்தான் இது விளங்கும். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு பிஎம்ஐ 40 என்றால் எடை சுமார் 109 கிலோ. 35 என்றால் 95 கிலோ. ரத்த அழுத்தம், கொழுப்புக் கல்லீரல், தேய்ந்துபோன முழங்கால் என மூன்றும் சேர்ந்து படுத்தும் 105 கிலோக்காரருக்கு இந்த விதியில் இடமில்லை. அந்த மூன்றுமே பட்டியலில் கிடையாது. பருமனோடு பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும் சேர்ந்து அவதிப்படும் பெண்களுக்கும் இதே கதிதான்.

'கட்டுக்கடங்காத' என்ற சொல் இதைவிடக் கொடுமை. பிஎம்ஐ 37 உள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மாத்திரை, நடை, பத்தியம் என்று முறையாக இருந்து மூன்று மாத சராசரி சர்க்கரையான ஹெச்பிஏ1சியை 7க்குள் வைத்திருக்கிறார். மற்றவருக்கு அது 10ஐத் தாண்டி நிற்கிறது. விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால் பணம் இரண்டாமவருக்குத்தான். மருத்துவர் பேச்சைக் கேட்டவருக்குக் கிடைக்கும் பரிசு இது! மருத்துவமோ நேர்மாறாகச் சொல்கிறது. சர்க்கரை நோய் வந்து அதிக காலம் ஆகாதவர்களுக்கு, இன்சுலின் ஊசி வரை போகாதவர்களுக்குத்தான் இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் மருந்தே தேவைப்படாத நிலை வர வாய்ப்பு அதிகம். நோய் முற்றும்வரை காத்திருக்கச் சொல்லும் விதி, சிகிச்சையின் பலனில் பாதியைக் கரைத்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறது.

40, 35 என்ற இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? 1991இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் மாநாட்டிலிருந்து. வயிற்றைப் பெரிதாகத் திறந்து இந்த அறுவையைச் செய்துவந்த காலம் அது. இன்று பரவலாகச் செய்யப்படும், சிறு துளைகள் வழியே இரைப்பையைக் குறுக்கும் 'ஸ்லீவ்' முறை அப்போது புழக்கத்தில் இல்லை. ஆபத்து அதிகம் என்பதால் வரம்பும் உயரத்தில் வைக்கப்பட்டது. 2022இல் எடைக்குறைப்பு அறுவை நிபுணர்களின் அமெரிக்கச் சங்கமும் பன்னாட்டுக் கூட்டமைப்பும் சேர்ந்து அந்தப் பழைய அளவுகோலைக் கைவிட்டன. 35ஐத் தொட்டாலே, வேறு நோய் இருக்கிறதோ இல்லையோ, அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்பது புதிய நெறி. ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே அந்த வாய்ப்பைத் தரலாம் என்றும் அது சொல்கிறது.

ஆசியர்களுக்கு ஏன் தனிக் கணக்கு என்று கேட்பவர்களுக்கு, 2004இல் லான்செட் இதழில் வந்த ஒரு படம் போதும். புனேவின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே: 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. தராசு ஒரே எண்ணைக் காட்டினாலும் தோலுக்குக் கீழே சரக்கு வேறு.

இது இந்திய மருத்துவர்களுக்குத் தெரியாததல்ல. நம் வல்லுநர்கள் 2009இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கையிலேயே இந்தியர்களுக்கான அறுவை சிகிச்சை வரம்பு 37.5 என்றும், இணைநோய் இருந்தால் 32.5 என்றும் குறைக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பத்தாண்டு கழித்து விதி எழுதிய ஆணையம் இந்திய எண்ணை விட்டுவிட்டு அமெரிக்காவின் பழைய எண்ணை எடுத்துக்கொண்டது. இதற்கிடையே பருமனும் கூடிக்கொண்டே போகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்கில், தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது 30.9, 28.2 என்று இருந்தது.

ஆணையத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 2019க்கு முன் பல பாலிசிகளில் பருமன் சிகிச்சைக்கே இடமில்லை. அந்தப் பூட்டை ஓரளவு திறந்தது இந்த விதிதான். வரம்பை ஒரேயடியாகத் தளர்த்தினால் அழகுக்காக இளைக்க விரும்புகிறவர்களும் வரிசையில் நிற்பார்கள், பிரீமியம் எல்லாருக்கும் ஏறும் என்று நிறுவனங்கள் அஞ்சுவதையும் ஒதுக்கிவிட முடியாது. அதற்காக 27.5 வரை இறங்க வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்கவில்லை. 2009 அறிக்கையின் இரண்டு எண்களை ஏற்று, 'கட்டுக்கடங்காத' என்ற சொல்லை நீக்கி, கொழுப்புக் கல்லீரலையும் ரத்த அழுத்தத்தையும் இணைநோய்ப் பட்டியலில் சேர்த்தாலே போதும். மருந்து, டயாலிசிஸ், ஆஞ்சியோ என்று பின்னால் வரப்போகும் க்ளெய்ம்களைக் கணக்கில் எடுத்தால், நிறுவனங்களுக்கும் இது வெறும் நஷ்டக் கணக்கல்ல.

விதி மாறும்வரை, இருக்கும் விதிக்குள் வழி தேட வேண்டியதுதான். அதற்கு முதல் வேலை, மருத்துவமனையைத் தேடுவதற்கு முன்பே பாலிசியைப் படிப்பது. மொத்தக் காப்பீடு 10 லட்சமாக இருந்தாலும் சில பாலிசிகளில் இந்த அறுவைக்கு மட்டும் தனி உச்சவரம்பு உண்டு. ரோபோ முறையில் செய்தால் அதற்கு இன்னொரு வரம்பு இருக்கலாம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதம். வேலை செய்யும் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் இருக்காது என்பதால், அங்கே முதலில் விசாரிப்பது நல்லது.

ரூம் வாடகையில் ஏமாறுகிறவர்கள் அதிகம். நாளுக்கு 5,000 ரூபாய் வரம்புள்ள பாலிசியை வைத்துக்கொண்டு 10,000 ரூபாய் அறையில் படுத்தால், வாடகை மட்டுமல்ல, அறுவை நிபுணர் கட்டணம் உள்ளிட்டவையும் பாதியாக வெட்டப்படலாம். மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றில் அந்த வெட்டு கூடாது என்பது ஆணையத்தின் விதி. பில்லைப் பார்க்கும்போது நினைவில் இருக்கட்டும். எடை குறைந்தபின் தொங்கும் தோலை நீக்கும் சிகிச்சை பொதுவாக அழகு சிகிச்சைக் கணக்கில் தள்ளப்படும். வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய வைட்டமின் மாத்திரைகளுக்கும் சொந்தப் பணம்தான்.

காகிதம் முக்கியம். எளிய வழிகள் பலிக்கவில்லை என்பதற்கு உணவியல் நிபுணரின் சீட்டு, எடைப் பதிவு, மருந்துச் சீட்டு எல்லாம் தேதியோடு வேண்டும். அறுவைக்கு முன் கல்லீரலைச் சுருக்க இரண்டு வாரம் குறைந்த கலோரி உணவு கொடுப்பது வழக்கம்; அதில் எடை இறங்கி பிஎம்ஐ 40க்குக் கீழே போய்விட்டால் க்ளெய்ம் சிக்கலாகும். அந்தப் பத்தியம் தொடங்குவதற்கு முன்பே உயரத்தையும் எடையையும் மருத்துவமனைக் குறிப்பில் ஏற்றி, காப்பீட்டு நிறுவனத்தின் முன்அனுமதியை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். செலவுக்குப் பயந்து, தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத மலிவு இடத்தைத் தேடிப் போவது மட்டும் கூடவே கூடாது.

க்ளெய்மை நிராகரித்தால் எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேட்டு, முதலில் அந்த நிறுவனத்திடமே புகார் செய்ய வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால், ஓராண்டுக்குள் காப்பீட்டு குறைதீர்ப்பாளரை அணுகலாம். சென்னையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அங்கே விசாரிக்கிறார்கள். வழக்கறிஞர் வேண்டியதில்லை, கட்டணமும் கிடையாது.