தப்பு பண்ணவனுக்கு அப்பீல் உண்டு, மறந்தவனுக்குக் கிடையாது

மெடிக்கல் ஷாப்காரங்கன்னாலே நமக்கெல்லாம் ஒரு கடுப்பு உண்டு. சீட்டு இல்லாம ஆன்டிபயாட்டிக் தருவாங்க, சில்லறைக்குப் பதிலா மிட்டாய் தருவாங்க. சில கடையில ஃபார்மசிஸ்ட் இருக்கமாட்டார், அவரோட சர்டிபிகேட் மட்டும் வாடகைக்குத் தொங்கும். எல்லாம் நிஜம்தான். ஆனாலும் இன்னிக்கு அவங்களுக்கு வக்காலத்து வாங்கப் போறேன். அடிக்க வராதீங்க.

2017 அக்டோபர்ல மருந்து விதிகளைத் திருத்தினாங்க. முன்னெல்லாம் அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் லைசென்ஸைப் புதுப்பிக்கணும். திருத்தத்துக்கு அப்புறம் லைசென்ஸ் பாட்டுக்கு இருக்கும், அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் தக்கவைப்புக் கட்டணம் கட்டினா போதும். நல்ல திருத்தம்தான், இல்லேங்கல. தேதி தவறினா மாசத்துக்கு 2 சதவீதம் தாமதக் கட்டணம், அதுவும் ஆறு மாசம் வரைக்கும்தான். அதையும் தாண்டினா லைசென்ஸ் 'ரத்தானதாகக் கருதப்படும்'. யாரும் வந்து ரத்து பண்ண வேண்டியதில்லை. நம்ம பாஷையில சொன்னா, ராத்திரி பன்னெண்டு மணிக்கு தானா ஓடி ரெக்கார்டை அழிக்கிற ஸ்கிரிப்ட்.

திருவண்ணாமலையில கோயில் பக்கத்துத் தெரு அண்ணாச்சி ஒருத்தர் இதுல மாட்டினார். அவரே டி.ஃபார்ம் படிச்சவர், கடையில அவரேதான் நிப்பார். பைபாஸ் ஆபரேஷன், அப்புறம் பொண்ணு கல்யாணம், தேதி போயிடுச்சு. படிவம் 20, 21 ரெண்டுக்கும் தலா 1,500, ஆக 3,000 ரூபாய். தாமதக் கட்டணம் மாசம் 60 ரூபா, ஆறு மாசத்துக்கு 360. அந்த 360-ஐத் தாண்டினதும் கடையே சட்டப்படி இல்லை! லீவுக்கு ஊருக்குப் போனப்ப அவருக்குப் புது விண்ணப்பம் ரெடி பண்ணிக் குடுத்தேன். கட்டட வரைபடம், வாடகை ஒப்பந்தம், 10 சதுர மீட்டர் இடம்னு எல்லாம் முதல்ல இருந்து. இத்தனை வருஷம் கடை நடத்தினவர், நேத்து கடை போட வந்தவர் மாதிரி வரிசையில நிக்கணும்.

எரியற இடம் இனிமேதான். அதே விதிகள்ல 66-ஐப் படிங்க. விதியை மீறின கடைன்னா, ரத்து பண்றதுக்கு முன்னாடி காரணம் கேக்கணும். ரத்து பண்ணினாலும் மூணு மாசத்துக்குள்ள மாநில அரசுக்கு மேல்முறையீடு போகலாம். அதாவது காலாவதி மருந்து வித்தவனுக்கு நோட்டீஸ் உண்டு, விளக்கம் உண்டு, அப்பீல் உண்டு. 3,000 ரூபாய் கட்ட மறந்தவருக்கு உத்தரவுன்னு ஒரு தாளே வராது. எதை எதிர்த்து அப்பீல் போவார் மனுஷன்?

சட்டத்துக்கு இரக்கமே கிடையாதுன்னும் சொல்ல முடியாது. 1948 ஃபார்மசி சட்டம் 34-வது பிரிவுப்படி, புதுப்பிப்புக் கட்டணம் கட்டாத ஃபார்மசிஸ்ட்டோட பேரைப் பதிவேட்டுல இருந்து எடுத்துடுவாங்க. ஆனா நிபந்தனைகளோட திரும்பச் சேர்க்கவும் அங்கேயே வழி இருக்கு. ஆளுக்குத் திரும்பி வர கதவு உண்டு, அவர் நிக்கிற கடைக்குக் கிடையாது. என்ன லாஜிக்கோ!

"தேதியை ஞாபகம் வெச்சுக்கறது அவன் பொறுப்பு"ன்னு சொல்றவங்களுக்கு: சரிங்க, தண்டம் போடுங்க. இரண்டு மடங்கு, மூணு மடங்குகூட போடுங்க. கடையை ஏன் சாகடிக்கணும்? அது பெட்டிக்கடை இல்லை. 2014 மார்ச்சுல இருந்து எச்1 பட்டியல் மருந்துக்கு டாக்டர் பேர், நோயாளி பேரோட தனிப் பதிவேடு எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். காசநோய் மருந்து வாங்கறவங்க விவரத்தை அரசாங்கத்துக்குத் தெரிவிக்கணும்னு 2018-ல மருந்துக்கடைகளுக்கும் கட்டாயம் ஆக்கினாங்க. பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் சுத்திட்டு, கால் கொப்புளத்தோட ராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற சர்க்கரை நோயாளிக்கு முதல்ல கண்ணுல படறதும் மெடிக்கல்தான். அது மூடியிருந்தா மாத்திரை மளிகைக்கடையில கிடைக்கும். அங்க எந்தப் பதிவேடு?

மருந்துல கண்டிப்பு வேணும், மறுக்கல. காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பைக் குடிச்சு 2025-ல மத்தியப் பிரதேசத்துல 20-க்கும் மேற்பட்ட குழந்தைங்க செத்துப்போச்சு. கண்டிப்பு தேவைப்பட்ட இடம் அது. கடைக்கு வந்து சர்டிபிகேட்டுல இருக்கிற மூஞ்சிதான் கவுன்டர்ல நிக்குதான்னு பாருங்க, இல்லைன்னா தாராளமா மூடுங்க. நின்னா, தண்டத்தை வாங்கிக்கிட்டு பழைய நம்பரையே திருப்பிக் குடுங்க. ஆறு மாசம் முடியறதுக்குள்ள ஒரு எஸ்எம்எஸ், ஒரு பதிவுத் தபால். இதுக்குப் பெரிய ப்ராஜெக்ட்டெல்லாம் வேண்டாம், நம்மள்ல யாராவது ஒரு சாயங்காலம் உக்காந்தா எழுதிடலாம்.

அண்ணாச்சி விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில இருக்கு. கடைக்கு ஷட்டர்.

அதுவரைக்கும் ஒரு வேலை பண்ணுங்க. லைசென்ஸை எல்லாருக்கும் தெரியற மாதிரி மாட்டணும்னு அதுலயே நிபந்தனை இருக்கு. அடுத்த தடவை மாத்திரை வாங்கப் போறப்ப அந்தத் தேதியைப் பாத்து, அஞ்சஞ்சா கூட்டி, கடைக்காரர்கிட்ட "அண்ணே, கட்டியாச்சா?"ன்னு கேளுங்க.