பிரிட்ஜில் ஒட்டிய வசனம்

வருடக் கடைசி இரவு ஆராதனை முடிந்ததும் ஒரு கூடையை நீட்டுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு அட்டை எடுக்க வேண்டும். அதுதான் அந்த வருடத்துக்கான வாக்குத்தத்தம். தமிழ்ச் சபையில் வளர்ந்த உங்களுக்கு இது தெரிந்த கதைதான். நான் கிரேட் 12 படித்த வருடம் எனக்கு வந்தது எரேமியா 29:11. கடவுள் நமக்குக் கெடுதல் நினைக்கவில்லை, நல்ல எதிர்காலத்தையே நினைத்திருக்கிறார் என்று சொல்லும் வசனம். பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

மார்ச்சில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்த அங்கிள் ஒருவர் அம்மாவிடம், "விசுவாசத்தோட கேளுங்கோ, இந்த மாதத்துக்குள்ள எழும்பி நடப்பார்" என்றார். மாதம் முடிந்தது. அப்பா எழும்பவில்லை. பிறகு அதே அங்கிள், எங்கள் வீட்டில் எங்கேயோ விசுவாசம் குறைகிறது என்றார். அன்று பஸ்ஸில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்த அட்டையைக் கிழித்து எறிய வேண்டும் போல இருந்தது. அதற்கு முதல், அந்த வசனம் எங்கே வருகிறது என்று பார்க்க அதிகாரத்தை முழுக்க வாசித்தேன்.

அது ஒரு கடிதம். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமின் ராஜாவையும் மக்களில் பலரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோன பிறகு, எரேமியா அவர்களுக்கு எழுதி அனுப்பியது. ஊரை இழந்து, புரியாத பாஷைக்குள் வந்து விழுந்தவர்களுக்கு எழுதியது. எங்கள் அம்மா அப்பாமாருக்கு எழுதியது போலவே இருக்கிறது.

11ஆம் வசனத்துக்கு முந்தின வசனத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. திரும்பிப் போக 70 வருடம் ஆகும் என்கிறது அது. கடிதத்தை வாசித்துக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊரைப் பார்க்கப் போவதில்லை. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர் வருகிறார். இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறார். எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டுகிறார். பேச்சில் இருந்த உறுதிக்கு ஒரு குறையும் இல்லை. இன்றைக்கு இருந்தால் யூடியூபில் பெரிய ஆளாக இருந்திருப்பார். ஆனால் அவரைக் கடவுள் அனுப்பவில்லை.

எரேமியா சொன்னது சாதாரண வேலைகள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள். என்னைக் கேட்டால், உறுதியான விசுவாசம் இங்கேதான் இருக்கிறது. எங்கள் அம்மம்மா கனடாவுக்கு வந்து பல வருடம் சூட்கேஸைப் பிரிக்கவே இல்லை. "அடுத்த தைக்கு ஊருக்குப் போயிடுவம்" என்பார். பனிக்குப் பூட்ஸ் வாங்கவும் விடமாட்டார். ஒரு மே மாதம், யாரும் சொல்லாமலே, பின்வளவில் மிளகாய்க் கன்று நட்டார். ஊர் ஆசை போய்விடவில்லை. ஜெபமும் நிற்கவில்லை.

அப்படியென்றால் சுகம் கேட்டு ஜெபிக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். அனனியா சொன்னதற்கு எரேமியாவே முதலில் ஆமென், அப்படியே நடக்கட்டும் என்றுதான் சொன்னார். அவருக்கும் ஆசை இருந்தது. நாங்களும் இரவு இரவாக அப்பாவின் இடது கைக்காகக் கேட்கிறோம். ஆனால் கேட்டது கிடைக்காத வீட்டுக்குள் வந்து விசுவாசத்தை அளக்காதீர்கள். எபிரெயர் 11ஐ வாசித்துப் பாருங்கள். ஆபிரகாம் முதலானவர்கள் வாக்களிக்கப்பட்டதைக் கையில் வாங்காமல், தூரத்தில் பார்த்தபடியே இறந்தார்கள். அவர்களைத்தான் அந்த அதிகாரம் விசுவாசிகள் என்கிறது.

அட்டை இன்னும் பிரிட்ஜில்தான் இருக்கிறது. அதன் மேல் ஓரத்தில் 10ஆம் வசனத்தையும் பேனாவால் எழுதினேன். அப்பா அதை வாசித்துவிட்டு, "எழுபது வருசமோ? அப்ப பிசியோவுக்கு அவசரமில்லை" என்று சிரித்தார். செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு அப்பொயின்ட்மென்ட். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.