விரல் மடங்க எத்தனை நிமிஷம் ஆகிறது?

சகோதரிகளே, தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிற தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நம்மில் பலருக்கும் தெரிந்த இடம்தான். 2005 செப்டம்பர் 3-ஆம் தேதி அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். அதைச் சேர்ந்த அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனைக்கு மூட்டு வலி, தோல் படை என்று குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்திலிருந்து நாம் போய் வருகிறோம். அங்கே எம்.டி. முடித்த சித்த டாக்டர்கள் பிஎச்.டி. ஆராய்ச்சியும் செய்கிறார்கள்.

"டாக்டருக்குப் படிச்சாச்சு, மேல்படிப்பும் ஆச்சு. இன்னும் என்னடி படிப்பு?" என்று எங்கள் தெரு மாமி என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி.

ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிற மூட்டு அழற்சியையே எடுத்துக்கொள்வோம். வளி அழல் கீல்வாயு என்று சித்த மருத்துவம் சொல்வதோடு இதை ஒப்பிடுகிறார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு, மூன்று மடங்கு ஜாஸ்தி. இந்த வியாதி ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் தானாகவே இறங்கும். இறங்குகிற சமயத்தில் எந்தச் சூரணம் சாப்பிட்டாலும் அதுதான் குணப்படுத்தியது என்று தோன்றும்; டாக்டருக்கும் அப்படியே தோன்றும். தன் கண்ணையே சட்டென்று நம்பாமல் இருக்கப் பழகுவதுதான் இந்த ஆராய்ச்சிப் படிப்பு.

அதற்கு முறைகள் உண்டு. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள், முழங்கால் என்று 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து, வலிப்பவை எத்தனை, வீங்கியவை எத்தனை என்று எண்ணுவார்கள். ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பார்ப்பார்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி ஒப்பிடுவதும் உண்டு.

ஆனால் காலையில் விரல் எவ்வளவு நேரம் விறைத்திருந்தது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும். "ரொம்ப நாளா வலி டாக்டர்" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. "ஆறு மணிக்கு எழுந்தேன், ஏழேகாலுக்குத்தான் மாவு பிசைய விரல் மடங்கிச்சு" என்றால் அது கணக்கு. பால் கணக்கு நோட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கித் தினமும் எழுதுங்கள். சாப்பிடும் மாத்திரை, கஷாயம், கடையில் வாங்கிய வலி மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். மறைத்தால் ஆராய்ச்சியும் பிசகும், உங்கள் சிகிச்சையும் பிசகும்.

"ஆராய்ச்சியில் சேர்கிறீர்களா?" என்று கேட்டால் பயம் வேண்டாம், உடனே கையெழுத்தும் வேண்டாம். நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2007-இல் தொடங்கிய பதிவேட்டில் பதிந்திருக்கிறார்களா, இப்போது சாப்பிடும் மருந்து தொடருமா என்று கேளுங்கள். படிவத்தைத் தமிழில் வாங்கி, வீட்டில் கலந்து பேசுங்கள். பிடிக்காவிட்டால் நடுவிலும் விலகலாம். அதற்காக உங்கள் வைத்தியத்தை நிறுத்தக் கூடாது.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. ஓடுகிற மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூட்டு அரிப்பு முதல் ஓரிரு வருஷங்களிலேயே தொடங்கிவிடும். கோணிப்போன விரலை மருந்தால் நிமிர்த்த முடியாது. காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீடித்து, விரல் மூட்டுகளும் வீங்கியிருந்தால், "வயசாச்சு" என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். நோட்டையும் எடுத்துப் போங்கள்.