தொலைபேசியில் ஒரு குடும்பநல மாது

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் தனித்து வாழும் முதியோரைப் பற்றி நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். காசு வருகிறது, வட்ஸ்அப்பில் முகமும் தெரிகிறது. "அம்மா, மருந்து போட்டனீங்களோ?" "ஓம் பிள்ளை, போட்டனான்." மகள் கவலைப்படக் கூடாதென்று சொல்லப்படும் பதில் இது. இதைச் சுகநலக் கவனிப்பு என்று கொள்ள முடியாது.

பயிற்சி பெற்ற ஒருவர் வாரந்தோறும் தொலைபேசியிலோ வீடியோவிலோ முதியவரோடு கதைத்து, உணவு, நடை, மருந்து ஆகியவற்றில் வழிகாட்டும் முறை மேலைநாடுகளில் இன்று பரவி வருகிறது. இதன் வேர் பழையது. நியூசிலாந்தின் ஒட்டாகோ திட்டத்தில் இயன்மருத்துவர் சில தடவை வீட்டுக்குச் சென்று கால்தசைகளுக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளைப் பழக்கினார். பின்னர் தொலைபேசியில் ஊக்கமளித்தார். 80 வயதும் அதற்கு மேலுமான 233 பெண்களிடம் நடத்திய ஆய்வு 1997இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்றோர் விழுவது குறைந்திருந்தது. முதுமையில் ஒரு தடவை குளியலறையில் விழுவதே தனித்து வாழும் வாழ்வை முடித்துவிடக்கூடும் என்பதை நாம் அறிவோம்.

எமக்கு இன்னும் கிட்டிய முன்மாதிரி ஒன்று உண்டு. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல், குடும்பநல மாது கர்ப்பிணியின் வீடு தேடிச் செல்வது இந்நாட்டின் வழமையாயிற்று. பிள்ளையை நிறுத்துப் பார்க்க ஆள் வருகிறார். பாட்டியின் பிரஷரைப் பார்க்க எவரும் வருவதில்லை. அரசால் வாசல்வரை வர முடியாது என்பதுமில்லை. 2020 கொரோனா முடக்கத்தின்போது கிளினிக் மருந்துகளைத் தபாற்காரரே வீடுகளுக்குக் கொண்டுசென்றார்.

ஆனால் குரல் மட்டும் போதாது. 1990ஐ அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். ஆறாம் மாடியில் உள்ளே பூட்டிய கதவைத் திறப்பது யார்? ஆகவே திறப்பு வைத்திருக்கும் அயலவர் ஒருவர் இத்திட்டத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். அழைப்பவரும் வாரத்துக்கொருவராக மாறக்கூடாது. தமிழில், "சோற்றைக் குறைச்சனீங்களோ, பின்னேரம் கடற்கரைப் பக்கம் நடந்தனீங்களோ?" என்று கேட்டு, பொய்ப் பதிலைக் குரலிலேயே கண்டுகொள்ளும் பழக்கம் ஒருவருக்கே வரும்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் கட்டணம் செலுத்துவார்கள். அதனால் இது டொலர் வீடுகளுக்கான சேவையாகச் சுருங்கிவிடும் என்பதே எமது அச்சம். பென்சனில் சீவிக்கும் விதவைத் தாய்மாரும் அதே ஒழுங்கைகளில்தான் இருக்கிறார்கள். பக்கத்திலேயே ஓய்வுபெற்ற தாதிமாரும் குடும்பநல மாதரும் இருப்பார்கள். பத்து வீடுகளோடு தொடங்க அவர்களில் இருவரும் ஒரு தொலைபேசியும் போதும்.