தலையணைக்கு அடியில் சிப்ஸ் பாக்கெட்

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் வாழவந்தி நாடு. சாமையும் தினையும் விளைகிற மலை இது. ஆனால் இங்கேயும் பெட்டிக்கடை வாசலில் சிப்ஸ் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன.

பிள்ளை குண்டாகிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? “ராத்திரிக்குச் சோறு கிடையாது” என்கிறோம். வந்தவர்கள் முன்னால் கேலி பேசுகிறோம். பகலெல்லாம் பட்டினி கிடந்த பிள்ளை, ராத்திரி ஒளித்து வைத்ததை வயிறு முட்டத் தின்கிறது. பிறகு அழுகை, வெட்கம். மறுநாள் மறுபடியும் பட்டினி.

இது பெருந்தீனி ஆசை அல்ல. அடக்க முடியாமல் மிதமிஞ்சிச் சாப்பிடுவதை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் தனி நோயாகவே வகைப்படுத்தியது. இன்னொன்று: குண்டுப் பிள்ளை மளமளவென்று இளைத்தால் உடனே பாராட்டிவிடாதீர்கள். தன்னைப் பட்டினி போட்டு வதைத்துக்கொண்டிருக்கலாம்.

மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பாடு கொடுங்கள். சாமைச் சோறு என்றால் அப்பாவுக்கும் அதேதான். பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு வேண்டாம். எடைப் பேச்சே வேண்டாம். சாப்பிட்டதும் வாந்தி எடுத்தாலோ, மயங்கினாலோ, மாதவிலக்கு நின்றாலோ டாக்டரிடம் போங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது.

தலையணைக்கு அடியில் காலி பாக்கெட் கிடைத்தால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “மனசு சரியில்லையா கண்ணு?” என்று கேளுங்கள்.